வேன் வரும் என்று சொல்லச் சொன்னார்கள்

1959 டிசம்பர், சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் குவாட்டர்ஸின் மாடிப்படிகளில் நான் வேர்க்க விறுவிறுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் குடை. கழுத்தில் டை. ஆசிரியர் வேலைக்கு வந்து அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை.

விடுமுறையில் ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பிள்ளை பிடிக்கிற வேலைதான். எங்கள் பள்ளியில் அதை அப்படித்தான் சொல்வார்கள். இங்கே பல தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுக் கடைசியில் இந்த அலைச்சல் உண்டு. வசதியுள்ளவர்கள் ஆங்கிலப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். முதலாம் வகுப்பு நிரம்பவில்லை என்றால் அந்த வகுப்பையே எடுத்துவிடுவார்கள். வகுப்பு போனால், கடைசியாக வேலைக்கு வந்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கடைசியாக வந்தவன் நான். அதனால் வீடு வீடாகப் போய், ‘உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்’ என்று கேட்பது என் தலையில் விழுந்தது. சிராங்கூன் சாலைச் சந்துகளை மூத்த ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கே வீட்டுக்கு வீடு காப்பி கிடைக்கும். எனக்குப் பள்ளிக்குத் தூரமான குவீன்ஸ்டவுனும் தஞ்சோங் பகாரும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா சாலையில் தார் ஊற்றுகிறவர். எனக்கு வேலை கிடைத்த பிறகு, என்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ளவர்கள்கூட சைக்கிளை விட்டு இறங்கி ‘வணக்கம் வாத்தியாரே’ என்பார்கள். அது எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருக்கும். அந்த வணக்கத்தை வேறொருவர் தூண்டிலில் மாட்டி மீன் பிடிக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புறப்படும் முன்பு பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளர் என்னைத் தனியாக அழைத்தார். அவருக்குச் சிராங்கூன் சாலையில் பெரிய மளிகைக் கடை. மேடையில் ஏறினால் தமிழுக்காகக் கண்ணீர் விடுவார்.

“தம்பி, அந்தப் பக்கத்துல பொம்பளப் பிள்ளைங்க நெறைய இருக்கு. பஸ்ல அனுப்பப் பயப்படுவாங்க. பள்ளிக்கூடத்து வேன் வாசலுக்கே வரும்னு தாராளமா சொல்லுங்க.”

“வேன் ஏற்பாடு ஆயிடுச்சுங்களா?”

“நீங்க சொல்லுங்க தம்பி. மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

நான் சொன்னேன். மாடி மாடியாகச் சொன்னேன்.

மூன்றாவது மாடியில் ஒரு வீடு. கணவர் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ராத்திரி வேலை முடித்து வந்து தரையில் படுத்திருந்தார். மூத்த மகளுக்கு எட்டு வயது. இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவோரம் நின்று என் டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பள்ளிக்கு ஒரு வருஷம் தாமதம். ‘இந்த வருஷமும் விட்டால் இனிமேல் இல்லை’ என்று எனக்கு உடனே பட்டது. அந்த வயதில் வீட்டோடு நின்றுபோன பெண்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்களை அடுப்படியிலிருந்து எடுக்கவே முடியாது.

“பையன்னா நாலு பசங்களோட சேந்து பஸ்ல போயிடுவான் வாத்தியாரய்யா. இவள எப்படி அனுப்புறது?” என்றார் அப்பா, படுத்தபடியே.

வேன் வரும் என்றேன்.

அதற்குப் பதில் பேசியது அவர் மனைவி. கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து வந்தார். வாட்டசாட்டமான அம்மாள். குரலும் அப்படியே.

“யாரு வேனு? எத்தன மணிக்கு வரும்? கீழ கேட்டு வரைக்கும் வருமா, மெயின் ரோட்டுலயே நின்னுக்குமா?”

“கேட்டுக்கே வரும்மா. பள்ளிக்கூடத்து வேன்தான்.”

“சும்மா சொல்லலையே? நீங்க வாத்தியாரு. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்.”

“என்னை நம்பி அனுப்புங்க.”

அவர் சேர்க்கிறார் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சரி என்றார்கள். அன்று மாலை நான் ஒரு கூட்டம் பெண் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு பஸ் ஏறினேன். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ‘கெட்டிக்காரத் தம்பி’ என்றார்.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் நாள். முதலாம் வகுப்பு வாசலில் நின்று நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தாயிற்று. கடவுள் வாழ்த்து முடிந்தது. தஞ்சோங் பகார் பிள்ளைகளைக் காணோம். வேன் ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இடைவேளையில் தலைமையாசிரியரிடம் ஓடினேன்.

“எந்த வேன்?” என்றார் அவர்.

நான் விளக்கினேன். அவர் சிரித்தார். கோபமில்லாத, பரிவான சிரிப்பு. அதுதான் என்னைச் சுட்டது.

“அட, நீங்க புதுசுதானே... வருஷா வருஷம் சொல்றதுதான் தம்பி. வேன் வரும், புத்தகம் இலவசம், பால் கொடுப்போம்னு நாலு சொல்லணும். பேரு பதிஞ்சிடுச்சு, வகுப்பு நிக்குது, உங்க வேலையும் நிக்குது. அப்புறம் என்ன?”

“பிள்ளைங்க வரலையே சார்?”

“வர்றவங்க வருவாங்க தம்பி.”

வருஷா வருஷம்! அப்படியென்றால் இதற்கு முன்பும் யாரோ ஒரு புது ஆசிரியர் எங்கோ ஒரு மாடிப்படியில் ஏறி இதையே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எங்கோ ஒரு வாசலில் காத்திருந்திருக்கிறார்கள். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பழக்கம் என்று நினைத்தார்கள்.

பள்ளி விட்டதும் நேராகச் செயலாளர் கடைக்குப் போனேன். கடையின் பின் சந்தில் அவருடைய பெயரை எழுதிய வேன் ஒன்று நின்றது. காலையில் அதற்கு வேலையே கிடையாது என்பது பிறகு தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் சாமான் ஏற்றிப் போகும். செயலாளர் கல்லாவில் உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளருக்கு மல்லியை முகர்ந்து பார்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பாக்கலாம் தம்பி, பாக்கலாம். குழுவுல பேசணும். அவசரப்பட்டா ஆகுமா?”

“அந்தப் பிள்ளைங்க காலையிலேருந்து வாசல்ல நின்னிருக்கும்ங்க.”

“கொழந்தைங்க தானே. நாளைக்கே மறந்துடும்.”

அங்கிருந்து தஞ்சோங் பகாருக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. கேட்டைத் தாண்டியதுமே மேலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“இந்தா வர்றாருடி, வேன்காரரு! வேன எங்க வச்சிட்டு வர்றீங்க, சட்டைப் பையிலயா?”

கீழே குழாயடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மேலே போனேன். அவர் படியிலேயே வழிமறித்தார்.

“விடியக்காத்தால எழுப்பி, குளிப்பாட்டி, ரிப்பன் கட்டி நிறுத்தினேன். எதுத்தாப்புல சீன வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் போச்சு, வந்துச்சு. இதுங்க மட்டும் நிக்கிதுங்க. வெயில்ல ஒண்ணு வாந்தி எடுத்துடுச்சு. அப்பயும் மேல வரமாட்டேங்குது, வேன் வந்துடும்ங்குது. உங்களுக்கு மனசாட்சி இருக்கா வாத்தியாரே?”

என்னிடமும் பொய்தான் சொன்னார்கள் என்று சொன்னேன். என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. மகள் இன்னும் புதுச் சீருடையிலேயே இருந்தாள். நீலப் பாவாடையில் ஒரு கறைகூட இல்லை. அழுக்காகிவிடும் என்று காலையிலிருந்து அவள் எங்கும் உட்காரவே இல்லையாம்.

“நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

“பாப்போம்” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான்.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே போய் நின்றேன். குழந்தைகளைக் கையைப் பிடித்து டிராலி பஸ்ஸில் ஏற்றினேன். நடத்துநர் ஒரு மலாய்க்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘சிக்கு, எல்லாம் உங்க பிள்ளைங்களா?’ என்று மலாயில் கேட்டார். சிக்கு என்றால் ஆசிரியர். ‘ஆமாம்’ என்றேன். ‘கெட்டிக்காரர்தான்’ என்று சொல்லிவிட்டு எங்களுக்குப் பின் இருக்கைகளைக் காலி செய்து கொடுத்தார். பஸ்ஸின் தலையிலிருக்கும் கம்பி சில நாள் மேலே போகும் மின்சாரக் கம்பியிலிருந்து கழன்றுவிடும். அவர் மூங்கிலோடு இறங்கி மாட்டும்வரை பிள்ளைகள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், தமிழில். அவரும் ‘சரி, சரி’ என்று தமிழிலேயே சொல்வார்.

இந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் கோபம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அந்த எட்டு வயதுக்காரி ஒரு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் என்பதால் முதலில் கூனிக்கொண்டு உட்காருவாள். அப்புறம் அதையே அதிகாரமாக்கிக்கொண்டாள். பஸ்ஸில் மற்றவர்களை உட்கார வைத்துவிட்டு நடுவில் நின்று பாடம் நடத்துவாள். என்னைப் போலவே தொண்டையைச் செருமுவாள், என்னைப் போலவே இல்லாத டையைச் சரி செய்துகொள்வாள். ‘பேசாதே, பேசாதே, யாரங்கே பேசறது?’ என்று அவள் அதட்டியபோது பஸ்ஸே சிரித்தது. நான் வகுப்பில் அவ்வளவு அசட்டுத்தனமாகவா இருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்காக அவளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் இது நீடிக்காது என்று எனக்கே தெரியும். காலையில் பள்ளி, பிற்பகலில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு என்பது எங்களைப் போன்ற புதியவர்களின் ஓட்டம். பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போனால் தினமும் தாமதம். விரிவுரையாளர் கதவைக் காட்டி, இனியும் தாமதமாக வந்தால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயிற்சி போனால் வேலை போகும். வேலை போனால் என் வீட்டில் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

அதே வாரம் தலைமையாசிரியரும் கூப்பிட்டார்.

“தெருவுல பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு வர்றீங்களாமே? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? திங்கக்கிழமையிலேருந்து நிறுத்திடுங்க.”

“அப்ப அவங்க எப்படி வருவாங்க சார்?”

“நீங்க அவங்க அப்பாவா?”

பொய் சொல்லிச் சேர்க்கலாம். அதற்குப் பதில் சொல்ல ஆள் தேவையில்லை. உண்மையாகக் கூட்டிவந்தால் மட்டும் பதில் சொல்ல ஆள் வேண்டும்! அன்று அவர் மேசைமேல் இருந்த மைக்கூட்டைச் சுவரில் எறிய வேண்டும்போல் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு ‘சரிங்க சார்’ என்று வெளியே வந்தேன். முதல் தலைமுறையாகப் படித்தவனுக்குக் கோபப்படக்கூட அனுமதி வாங்கித்தான் பழக்கம்.

அன்று பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டபோது அந்த அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“வேன் வரும்னு சொல்லச் சொன்னது யாரு?”

“செயலாளர்.”

“அவர எங்க பாக்கலாம்?”

“சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துல ஆண்டுவிழா. அங்க இருப்பாரு.”

“அதுக்கு நாங்க வரலாமா?”

“பெற்றோர் எல்லாரும் வரலாம்.”

“அப்ப சரி. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் வாத்தியாரே. உங்களுக்கு வேல முக்கியம்” என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை. பள்ளி முற்றத்தில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. வாசலில் செயலாளரின் கடை வேன் வந்து நின்றது. அதிலிருந்து சிறப்பு விருந்தினருக்கு ரோஜா மாலை இறங்கியது. லட்டுத் தட்டுகள் இறங்கின. குத்துவிளக்கு இறங்கியது, அதுவும் பழைய சேலையில் சுற்றிப் பத்திரமாக. நான் இறக்கி வைக்க உதவினேன். மாலைக்கு வேன் கிடைக்கிறது, லட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு குழந்தைக்குக் கிடைக்கவில்லை. கையில் அந்த மாலையைப் பிடித்திருந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் உள்ளங்கையில் உணர முடிகிறது.

தஞ்சோங் பகார் அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நல்ல சேலை கட்டியிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் பக்கத்தில் நின்று செயலாளர் பேசினார். தமிழ் என்றார், தாய் என்றார், தாய்ப்பால் என்றார். பிறகு சொன்னார்:

“தஞ்சோங் பகாரிலிருந்துகூடப் பெண் குழந்தைகள் நம் பள்ளியைத் தேடி வருகிறார்கள். தூரம் ஒரு தடையே அல்ல!”

கடைசி வரிசையில் அந்த அம்மாள் எழுந்தார்.

“ஐயா, ஒரு சந்தேகம்.”

செயலாளர் பேச்சை நிறுத்தினார். பந்தலே திரும்பிப் பார்த்தது.

“அந்தப் பொண்ணுங்களோட அம்மா நானு. அதுங்க எதுல வருதுங்கன்னு சொல்லலையே?”

“அது... ஏற்பாடு நடந்துக்கிட்டு இருக்கும்மா. உக்காருங்க.”

“இல்லங்க. வேன் வரும்னு சொல்லிச் சேத்தீங்க. வேன் வரல. வாத்தியாருதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. அதையும் நிறுத்துன்னு சொல்லிட்டீங்களாம். அப்ப திங்கக்கிழமை எதுல வரணும்?”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். செயலாளர் சிரித்து மழுப்பி, விழா முடிந்ததும் தனியாகப் பேசலாம் என்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். விவகாரம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

விழா முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். அந்த அம்மாக்கள் எழவில்லை. மேடைக்கு முன்னால் வந்து, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார்கள். சத்தம் போடவில்லை, கோஷம் இல்லை. வீட்டில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தலை பின்னிவிட ஆரம்பித்தாள். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து இறங்க வேண்டுமானால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“என்னம்மா இது?” என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி.

“வேனுக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்” என்றார் அந்த அம்மாள். “எங்க பிள்ளைங்க அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. நாங்க கொஞ்ச நேரம் இருந்தா என்ன?”

“பஸ்ஸுக்கு நான் காசு தர்றேன், போங்க.”

“பஸ்ஸுக்குக் காசு எங்ககிட்ட இருக்கு. வாசல்ல பேரு எழுதி நிக்கிதே ஒரு வேனு, அது யாரோடது?”

எனக்கு வேலை முக்கியம் என்று அவர் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

“செயலாளர் ஐயாவோடதும்மா. காலையில அதுக்கு வேலை கிடையாது” என்றேன்.

சிறப்பு விருந்தினர் செயலாளரைப் பார்த்தார். புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

செயலாளர் கெட்டிக்காரர். ஒரே எட்டில் ஒலிபெருக்கிக்குப் போனார். “அன்புத் தாய்மார்களே! தமிழ்ப் பிள்ளைகளின் கல்விக்காக, திங்கட்கிழமை முதல் என் சொந்த வேனையே அர்ப்பணிக்கிறேன்!” என்று முழங்கினார்.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் தட்டினார், மூத்த ஆசிரியர்கள் தட்டினார்கள், சிறப்பு விருந்தினர்கூடத் தட்டினார். புகைப்படக்காரர் ஓடிவந்தார். அந்த எட்டு வயதுப் பெண்ணை முன்னால் நிறுத்தி அவள் தலையில் கை வைத்துக்கொண்டு செயலாளர் படம் எடுத்துக்கொண்டார். அவள் படத்துக்குச் சிரிக்கவில்லை.

வேன் நிஜமாகவே வந்தது. திங்கட்கிழமை, அதற்கடுத்த நாளும், வருஷம் முழுதும். மிளகாய் நெடியில் பிள்ளைகள் தும்மிக்கொண்டே வந்து இறங்குவார்கள். அந்தப் பெண் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. ஆண்டுத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்தாள். நிர்வாகம் அந்த வருஷக் கடைசியில் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயிற்சியை முடித்து இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆறாதது ஒன்றே ஒன்றுதான். விழா நடந்த அன்று மாலையே அந்த அம்மாக்களைக் கடை வேன் ஏற்றிக்கொண்டு போனது. ஏறும்போது அந்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்தபடி என் பக்கம் திரும்பி, நிஜமாகவே புரியாதவராகக் கேட்டார்:

“ஏன் வாத்தியாரே, தர்றேன்னு சொன்னதத்தானே தர்றாரு? அதுக்கு எதுக்கு இவ்வளவு கைதட்டு?”

இன்றும் ஏதாவது ஒரு மேடையில் யாராவது எதையாவது அறிவித்து, சுற்றிலும் கைகள் தட்டத் தொடங்கும்போது, என் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்து அந்தக் கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கின்றன.